நாலு அங்குல உயரம்

சபாபதி ஏழு மணிக்கு எழுந்தான். மலாயாவை ஜப்பான்காரன் ஆண்டதால் கடிகாரம் ஓடியது டோக்கியோ நேரப்படி. வெளியே இன்னும் விடியவில்லை. பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். குழாயடிக்குப் போய் உப்பும் கரித்தூளும் வைத்துப் பல் துலக்கினான். சட்டையில் ஒரு பித்தான் அறுந்திருந்தது. ஊசி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அப்படியே போட்டுக்கொண்டான். வாசலில் நின்ற சின்ன லோரியிடம் போய், பின்தட்டில் பொருத்தியிருந்த கரி உலையைத் திறந்து, நேற்றைய சாம்பலைத் தட்டிக் கொட்டினான். பெட்ரோல் கண்ணில் படாத காலம். கரியை எரித்து வரும் வாயுவில்தான் லோரி ஓடியது. மற்ற நாளாக இருந்தால் அடுத்து உலையைப் பற்றவைப்பான். இன்று பற்றவைக்கவில்லை. ஓட்டுவதற்கு முன்னால் பின்பக்க ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டியிருந்தது.

மனைவி புஷ்பவல்லி போய் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

குளிர்காய்ச்சல். கொய்னா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. அவள் கடைசி மூச்சு விட்டபோது சபாபதி காப்பாரில், ரப்பர் தோட்டத்துச் செம்மண் தடத்தில், இந்த லோரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கரி மூட்டையின் பாரம், உலையின் பாரம். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் வளைவெல்லாம் போய்த் தட்டையாகிவிட்டன. வண்டியின் வயிறு தடத்தின் நடுமேட்டில் உட்கார்ந்துவிட்டது. தோண்டி எடுக்க மூன்று மணி நேரம். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாசல் நிறைய செருப்பு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், புஷ்பவல்லியின் அக்காள் இராஜம்மா பதினொரு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காப்பாருக்குப் புறப்பட்டாள். “‘அக்கா, புள்ளய நீயே வச்சுக்க’ன்னா. செத்தவளோட கடைசி வார்த்தை,” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். செத்தவள் வார்த்தையைத் தட்டுவது யார்? சபாபதியும் தட்டவில்லை. சிங்கப்பூரில் மூன்று வருஷம் கல்லூரியில் படித்தவன். பள்ளிக்கூடம் மூடும்வரை ஆங்கில வாத்தியார். இதற்கு என்ன பதில் என்று அவனுக்குத் தெரியவில்லை.

குழந்தை வேண்டும். அது தெரிந்தது. கேட்க உரிமை இருக்கிறதா என்பது தெரியவில்லை. போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். இராஜம்மா வீட்டுக்குப் போக அதே தடம்தான் வழி. மழையில் அது இன்னும் பள்ளமாகிவிட்டதாகச் சொன்னார்கள். ஆகவே லோரியைத் தூக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு நாகையா முப்பது வருஷமாக ரயில்வேயில் ஃபிட்டர். சரக்கு வேகனுக்கு ஸ்பிரிங் கட்டிக் கட்டியே கை காய்த்தவர். விடியும்போது ஜாக்கியும் சுத்தியுமாக வந்து நின்றார்.

“வாத்தியாரே, எவ்வளவு தூக்கணும்?”

“நாலு அங்குலம் போதும்ணே.”

“போதும்னு நீங்க சொன்னாப் போதுமா? லோரியில்ல சொல்லணும்.”

லோரியின் சட்டத்தை ஜாக்கியில் ஏற்றிக் கட்டை கொடுத்தார்கள். அச்சோடு பட்டைகளைப் பிடித்திருந்த யூ போல்ட்டுகளைக் கழற்றினார்கள். நடு போல்ட் துருப்பிடித்து வர மறுத்தது. நாகையா அதன் பரம்பரையையே திட்டி அறுத்தெடுத்தார். ஒரு பக்கத்துக்கு ஏழு பட்டை. ஒன்றில் விரிசல். சாலாக் செலாத்தானில் எரிந்து கிடந்த ஒரு ராணுவ லோரியிலிருந்து நாகையா ஐந்து பட்டை கொண்டுவந்திருந்தார். எப்படி என்று சபாபதி கேட்கவில்லை.

“நெருப்புல காட்டி வளைச்சா சீக்கிரம் முடியும்ல?” என்றான்.

“சூடு காட்டினா இரும்பு மனசு விட்டுரும். பச்சையாவே தட்டணும்.”

இரண்டு தண்டவாளத் துண்டுகளைக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டு, அதன்மேல் பட்டையைக் குறுக்கே வைத்து, விரல்கடைக்கு ஒரு அடியாகத் தட்டிக்கொண்டே போனார். பட்டை மெல்ல மெல்ல வளைந்தது. சபாபதி பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு அடிக்கும் கை அதிர்ந்தது. அந்த நேரத்தில் எதையும் நினைக்க முடியவில்லை. அது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்று பிறகு குழம்பினான்.

கிரீஸ் இல்லை, பட்டைகளுக்கு நடுவே செம்பனை எண்ணெய் பூசினார்கள். நீளமானது மேலே, குட்டையானது கீழே என்று அடுக்கி, பக்கத்துக்கு ஒன்பதாகக் கட்டினார்கள். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ரயில் பாதைக் கட்டையில் அறுத்த இரண்டு அங்குலத் துண்டு. அதற்கு நீளமான யூ போல்ட். முடிந்து ஜாக்கியை இறக்கியபோது லோரி இறங்கவே இல்லை. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வாத்து மாதிரி நின்றது.

“நாலு கேட்டீங்க. ஆறு இருக்கு,” என்றார் நாகையா பெருமையாக.

உலையைப் பற்றவைத்து, தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தான். முதல் குழியில் லோரி அவனை மேலே எறிந்தது. தலை கூரையில் இடித்தது. இரண்டாம் குழியில் பற்கள் மோதிக்கொண்டன. திரும்பி வந்தபோது நாகையாவின் மனைவி மாரியாயி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“புள்ளய இதுலயா கொண்டு வரப் போறீங்க? வீடு வந்து சேர்றதுக்குள்ள குடிச்ச பாலு வெண்ணெயாயிடும்.”

“பாரம் ஏத்தினாச் சரியாயிடும்லா,” என்றார் நாகையா.

“என்ன பாரம்? புள்ள எத்தனை ராத்தல் இருக்கும்?”

நாகையா சுத்தியைக் கீழே வைத்தார். வேகனுக்கு ஸ்பிரிங் கட்டுகிறவருக்கு முழுப் பாரம்தான் கணக்கு. காலி வண்டியை அவர் வாழ்நாளில் நினைத்துப் பார்த்ததில்லை. ஒரு குழந்தையை ஏற்றி வரும் லோரிக்கு ஒன்றரை டன்னுக்கு ஸ்பிரிங் கட்டியிருந்தார்.

மறுபடி பிரித்தால் இன்றைய பொழுது போய்விடும். லோரி கரி வியாபாரி மூசா ராவுத்தருடையது. நாளைக் காலை கரிக்குத் திரும்ப வேண்டும். நாகையா தலையைச் சொறிந்தார். பிறகு ஆற்று மணலை எட்டு மூட்டை கட்டிப் பின்தட்டில் ஏற்றினார்கள். லோரி கொஞ்சம் தாழ்ந்தது. போதவில்லை. நாகையா மனைவியைப் பார்த்தார்.

“என்னை ஏன்யா பாக்குற?”

“வாத்தியாருக்கு ஒத்தாசையா இருக்கும்.”

“ஊரே எலும்பாப் போய்க் கிடக்கு. என்னை மூட்டைக் கணக்குல சேத்துட்டியா?” என்றாள். ஆனால் உடனே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். மணல் மூட்டைமேல் சாக்கு விரித்து, மகாராணி மாதிரி உட்கார்ந்தாள்.

கிள்ளான் சாலைச் சோதனைச் சாவடியில் இறங்கிக் குனிந்து வணங்கினார்கள். ஜப்பான் சிப்பாய் மணலைக் குத்திப் பார்த்தான். மாரியாயியைப் பார்த்தான். சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

தோட்டத் தடம் வந்தது. அன்றைக்கு உட்கார்ந்த இடம் சபாபதிக்குத் தெரியும். மெதுவாக விட்டான். நடுமேடு அடியில் ஓடி மறைந்தது. எதுவும் இடிக்கவில்லை. நிறுத்தி, இறங்கித் திரும்பிப் பார்த்தான். வெறும் மண். இந்த உயரம் அன்றைக்கு இருந்திருந்தால் மூன்று மணி நேரம் முன்னால் போயிருப்பான். போயிருந்தால்? பக்கத்தில் இருந்திருப்பான். இருந்திருந்தால்? அதற்கு மேல் கணக்கு ஓடவில்லை.

“என்னங்க தம்பி?” என்றாள் மாரியாயி மேலேயிருந்து.

“ஒண்ணுமில்லக்கா.”

இராஜம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். குழந்தை அவனைப் பார்த்தது. தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது.

“அண்ணி, குழந்தையக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“கூட்டிட்டுப் போய்? லோரியில கட்டித் தொங்கவிட்டு வளப்பீங்களா?”

“தெரியல. பக்கத்துல இவங்க இருக்காங்க.”

“செத்தவ சொன்னதுக்கு மதிப்பில்லையா தம்பி? நான் பொய் சொல்றேனா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“பின்ன?”

இராஜம்மா பொய் சொல்கிறவள் இல்லை. அதுதான் சிக்கல். குழந்தை அவள் தோளில் முகத்தை வைத்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தான்.

மாரியாயி மூச்சு வாங்க இறங்கி வந்து தண்ணீர் கேட்டாள். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “இராஜம்மா, உன்கிட்ட அவ சொன்னது மெய்தான். நானும் கேட்டேன். அது மத்தியானம். நீ சாயங்காலம் குழாயடிக்குத் தண்ணிக்குப் போனியே, அப்பக் கண்ணு முழிச்சா.”

இராஜம்மா திரும்பினாள். “பேசினாளா?”

“பேசினா. அதுக்கப்புறம் பேசல.”

“இத்தனை நாளா ஏன்க்கா சொல்லல?” என்றான் சபாபதி.

“யாரு கேட்டா? அதை ஒரு பேச்சாவே நான் நினைக்கல. கடைசி வார்த்தைன்னா பெருசா இருக்கணும்ல? இவ சொன்னது பெருசா இருந்துச்சு. அதனால கம்முனு இருந்துட்டேன்.”

“சொல்லுங்க. அவ சொன்னபடியே. எதையும் சேக்காம.”

மாரியாயி சொன்னாள். ஒரு தடவைதான் சொன்னாள்.

இராஜம்மா உள்ளே போனாள். துணி கிழியும் சத்தம் கேட்டது. பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை மடித்துக்கொண்டு வந்தாள். அதைக் குழந்தையின் கையில் பிடிக்கக் கொடுத்து, குழந்தையை அவனிடம் நீட்டினாள். அவள் கண்ணைத் துடைக்கவில்லை. “வாரம் ஒரு தடவை கொண்டாந்து காட்டணும்,” என்றாள்.

“சரிங்க அண்ணி.”

திரும்பும்போது குழந்தை மணல் மூட்டைமேல், மாரியாயி மடியில் வந்தது. லோரி ஆடி ஆடிப் போனது; எறியவில்லை. சபாபதி சாலையைப் பார்த்து ஓட்டினான். மாரியாயி சொன்னதை மனதில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். அது மன்னிப்பா, நம்பிக்கையா, வெறும் கவலையா? நினைப்பே இல்லாமல் வாயில் வந்ததா? மத்தியானம் சொன்னதைப் புஷ்பவல்லி மறந்துவிட்டாளா, மாற்றிக்கொண்டாளா? அவனுக்குப் பிடிபடவில்லை. கிள்ளான் சாலையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் சொன்னது இவ்வளவுதான்:

“அவருக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாதுக்கா. மரவள்ளியைத் திப்பியோட புள்ளைக்குக் குடுத்துடப் போறாரு. துணியில வடிகட்டிக் குடுக்கச் சொல்லுங்க.”