சவுனாவில் உலர்ந்த மணிகள்

இப்போது எங்கள் குவோப்பியோ நகர ஆய்வகத்தில் மணிகளை உலர்த்துவதற்கென்றே கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி ஒன்று நிற்கிறது. பட்டனைத் தட்டினால் போதும், ஈரத்தையும் சூட்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. சைமியும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசையில் சண்டை போட்டுக்கொண்டு வேலை பார்த்த காலம் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. அவள் பெரிய ஆளாகி வேறு ஊர் போய்விட்டாள். அவள் மேசையில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பட்டையிலிருந்தே பாலிமர் எடுத்து, கடுகு கடுகாக மணிகள் செய்வாள் சைமி. பட்டை ஊறிய நீரில் போட்டால், மருந்துக்கு ஆகும் சத்தை மட்டும் அவை பிடித்துக்கொள்ளும். சத்தைக் கழுவி எடுத்தபின் மணிகளை உலர்த்திக் கரியாக்கினால், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். ஒரே மணிக்கு இரண்டு பிழைப்பு. அவளுடைய முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. ஆனால் ஓவனில் உலர்த்தும்போதெல்லாம் மணிகள் வெடித்துத் தூளாயின.

ஒரு ஜூலையில் ஓவனும் படுத்துவிட்டது. ஜூலையில் கோடை விடுமுறைக்கு ஊரே ஏரிக்கரைக் குடில்களில் கிடக்கும்; பழுது பார்க்க ஆள் ஏது? ஈர மணிகள் நிறைந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தன் அப்பாவின் குடிலுக்கு என்னையும் இழுத்துப் போனாள். அங்கே விறகடுப்பு வைத்த சவுனா என்ற நீராவிக் குளியலறையில் சூடான கற்கள்மேல் நீர் ஊற்றி, வியர்த்து, ஏரியில் குதித்து எழுந்தோம். பிறகு தட்டை மேல்பலகையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். காலையில் பார்த்தால் ஒரு மணிகூட வெடிக்கவில்லை.

ஆய்வேட்டில் 'ஈரப்பதமுள்ள வெப்ப அறையில் மெல்ல உலர்த்தப்பட்டது' என்று எழுதினாள். சவுனா என்றே எழுதித் தொலையேன்டி என்றேன். சிரிப்பார்கள் என்றாள்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று, புறத்தேர்வாளர் பேராசிரியர் ஹெல்லேவி, தன் ஆய்வகத்தில் எப்படி உலர்த்தியும் மணிகள் வெடித்தன என்று சபையிலேயே சொல்லிவிட்டார்.

"அந்த அறை எதுன்னு சொல்லுங்க. என்னால செஞ்சு பாக்க முடியாததுக்கு நான் எப்படிப் பட்டம் குடுக்கச் சொல்றது?"

கறுப்பு உடையில் நின்ற சைமி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க அப்பாவோட சவுனா," என்றாள் கடைசியில்.

யாரும் சிரிக்கவில்லை. ஹெல்லேவி கண்ணாடியைக் கழற்றினார். "விறகா, கரண்டா?"

"விறகு. எல்லாரும் குளிச்சு, அடுப்பு அணைஞ்ச பிறகு வச்சேன்."

கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார் அவர்.

அந்தச் சனிக்கிழமையே பெண்கள் மூவரும் அதே பலகையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தோம். தேர்வாளர் பக்கத்தில் உடுப்பில்லாமல் வியர்ப்பது எங்கள் ஊரில் வெட்கமில்லை. பட்டம் தொங்கலில் இருக்கும்போது மூச்சு விடத்தான் கஷ்டமாக இருந்தது. பாலிமரைப் பற்றி ஒரு சொல் எழவில்லை. ஹெல்லேவி இன்னும் கொஞ்சம் நீர் ஊற்றச் சொன்னதோடு சரி. அடுப்பு அணைந்ததும் சைமி புது ஈர மணிகளின் தட்டை மேல்பலகையில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

விடிந்ததும் ஹெல்லேவியே போய்க் கதவைத் திறந்தார். தட்டைக் கையிலெடுத்து ஒரு மணியை நகத்தால் அழுத்தினார். அது நொறுங்கவில்லை. இன்னொன்றை அழுத்தினார். சைமி பிடித்த பிடியில் என் விரல்கள் மரத்துப்போயின. அவர் தட்டைப் பத்திரமாகப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"டாக்டர் சைமி, காப்பி இருக்கா?"

யாரைக் கூப்பிடுகிறார் என்று அவள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். காப்பியை நான்தான் போட்டேன்.