குந்தத் தெரியாத கால்

“இந்த மூஞ்சி எவன் மூஞ்சிங்க?”

“யார் மூஞ்சியும் இல்லம்மா. சும்னே ஒரு படம். வலி இல்லேன்னா சிரிக்கிற மூஞ்சி, ஜாஸ்தி வலின்னா அழுற மூஞ்சி. மொத்தம் அஞ்சு. எதுன்னு தொட்டுக் காட்டுங்க, ஆயித்து.”

“அழுகற மூஞ்சிக்குங்கூட கன்னம் உப்பிக் கெடக்குது. வேளாவேளைக்குத் தின்னவன் அழுகறான்.”

கன்னடம் கலந்த தமிழில் விளக்கிக்கொண்டிருந்த ஹேமந்த் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் சொல்லப்படும் வேடிக்கைகளுக்காக அவன் தன் சிரிப்பைச் சேமித்து வைத்திருந்தான். பாப்பாத்தி அக்கா நான்காவது மூஞ்சியைத் தொட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் இரண்டு என்று எழுதினேன்.

எழுதுவதுதான் என் வேலை. 1998இல் மனோதத்துவம் முடித்துவிட்டு, மைசூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் பின்பக்கத் தகரக்கொட்டகையில் மூன்று மாத வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே காலில் கட்டிக்கொள்ளும் ஓர் இயந்திரம் தயாராகிக்கொண்டிருந்தது. வலுவிழந்த முட்டியை மோட்டார் மடக்கி நீட்டும். அணிகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிட வேண்டும் என்று ஏதோ ஒரு வெளிநாட்டுக் கட்டுரை சொல்லியிருந்ததால், கேட்பதற்கு என்னை வைத்தார்கள். எனக்குத் தமிழும் கன்னடமும் வரும். கையெழுத்தும் அழகாக இருக்கும்.

இரும்புக்கால் என்றதும் நான் எதையெதையோ கற்பனை செய்திருந்தேன். பனி கொட்டும் ஊரொன்றில், கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவன் நடக்க முடியாத தன் மகளுக்காக ஒரு குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து செய்தது போல இருக்குமென்று. நேரில் பார்த்தது கார் வைப்பர் மோட்டார் ஒன்று, ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று, அவற்றைத் தொடையோடு சேர்த்துக் கட்டும் மூன்று தோல்வார்கள். ஹேமந்த் தன் காலை அளந்து அதைச் செய்திருந்தான். பேண்ட் போட்ட கால் அது. புடவை கட்டுகிறவர்களுக்கும் முட்டி உண்டு என்பது பாப்பாத்தி அக்கா வந்து நின்ற அன்றுதான் கொட்டகைக்குத் தெரிந்தது. மறுநாள் அவள் தன் புருஷனின் காக்கி பேண்டைப் புடவைக்கு உள்ளே மாட்டிக்கொண்டு வந்தாள்.

அவளுக்குத் தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளிப் பக்கம். மைசூர் விஜயநகரில் வீடு கட்டும் இடங்களில் சித்தாளாக இருந்தவள். முந்தின வருஷம் சாரம் சரிந்து விழுந்ததில் இடது முட்டி போய்விட்டது. நிற்கும், நடக்கும், பாரம் ஏறினால் மடங்கிவிடும். குந்தி எழுந்து கலவைச்சட்டியைத் தூக்க முடிந்தால் மறுநாளே வேலை தருவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். எங்கள் பேராசிரியரோ, இரண்டாவது மாதிரியை அவள் கால் அளவுக்கே செய்து அவளுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ஆறு நாளாக இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள்.

“அடுத்த கேள்வி,” என்றான் ஹேமந்த்.

“காரில் ஏறி இறங்கச் சுலபமா இருந்துதா, அக்கா?”

“எந்தக் காருல?”

நான் ஹேமந்தைப் பார்த்தேன். “மூணு போடு,” என்றான்.

“சோபாவிலிருந்து எழுந்திருக்க?”

“அம்மிணி, இந்தக் கேள்விய எல்லாம் எழுதுனது யாரு?”

“சாரும் ஹேமந்தும்.”

“அவிய வீட்டுல எல்லாரும் சோபாவுல ஒக்காந்து, கார்ல ஏறி, மறுக்கா சோபாவுல ஒக்காருவாங்களாட்ட இருக்குது. கீழ குந்தறதே இல்லையா?” அவள் ஹேமந்தின் பக்கம் திரும்பினாள். “தம்பி, கேக்கறன்னு நெனைக்காதீங்க. உங்கூட்டுக் கக்கூஸ்ல எப்படி ஒக்காருவீங்க?”

ஹேமந்தின் காது சிவந்துவிட்டது. கேட்டது அவனைக் கேலி செய்ய மட்டும் அல்ல. மூன்றாம் நாள் நடந்ததை நாங்கள் மூவருமே மறக்கவில்லை. முட்டி ஓரளவுக்கு மேல் மடங்கினால், ஆள் விழுகிறார் என்று முடிவுகட்டி இயந்திரம் தன்னைப் பூட்டிக்கொள்ளும். பாதுகாப்புக்காக ஹேமந்த் சேர்த்த ஏற்பாடு. அதைப் பற்றி அவன் ஒரு கருத்தரங்கில் இருபது நிமிஷம் பேசியிருக்கிறான். குந்துவதும் விழுவதும் அதற்கு ஒன்றுதான். பாப்பாத்தி அக்கா கல்லூரிக் கழிப்பறையில் குந்தியதும் பூட்டிக்கொண்டது. திறக்கும் பொத்தான் முதுகுப் பக்கத்தில், அவள் கைக்கு எட்டாத இடத்தில். அவள் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு ஹேமந்த் வாசல்வரை ஓடி, பெண்கள் கழிப்பறை என்ற பலகையைப் படித்துவிட்டு நின்றான். நான் உள்ளே போய் வயரைப் பிடுங்கினேன். திரும்பி வந்ததும் அவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய வரி எனக்கு நினைவிருக்கிறது: ‘பூட்டு எதிர்பார்த்தபடி வேலை செய்தது.’

“சரி, கடைசிக் கேள்வி,” என்றேன். “இதுல இல்லாம வேற ஏதாவது சொல்லணுமா?”

பாப்பாத்தி அக்கா நிமிர்ந்தாள். ஆறு நாளாக அவள் காத்திருந்த கேள்வி அது ஒன்றுதான் போலிருந்தது.

“எழுதிக்க அம்மிணி. நடக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. படியேறலாம். ஆனா குந்துனா பூட்டிக்குது. சட்டியத் தூக்கோணும்னா குந்தித்தான் எந்திரிக்கோணும். குந்த முடியாத காலு எனக்கு எதுக்கு? அடுத்தது செய்யறப்ப இந்தப் பூட்ட எடுத்துருங்க. அவ்வளவுதான்.”

பேனாவைக் காகிதத்தில் வைத்தேன். ஹேமந்த் என் தோள் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் பேசினான். அவளுக்குப் புரியாது என்ற தைரியம்.

“அதை எழுதாதே. வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து, இதற்குப் பணம் ஒதுக்குகிற மூன்று பேர் வருகிறார்கள். அடிப்படை வடிவமே தப்பு என்று இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் இரண்டாவது மாதிரியே கிடையாது. அவளுக்கும்தான் கிடையாது. யோசித்துப் பார்.”

“எழுதாவிட்டால் இரண்டாவதும் இதே மாதிரிதானே வரும்?”

“பார்த்துக்கொள்ளலாம்.”

“எப்போது?”

“ஜீவிதா, உன்னை வேலைக்கு வைத்தது அவர்களைக் கேள்வி கேட்க. என்னை இல்லை. ‘எதுவும் இல்லை’ என்று போடு.”

அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதுதான் அருவருப்பாக இருந்தது. முழுப்பொய் என்றால் பேனாவைத் தூக்கி அவன் மேஜையில் எறிந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி எறிகிறவர்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். படித்தபோதெல்லாம் அது நான்தான் என்று நம்பியும் இருக்கிறேன். இப்போது கொட்டகையின் தகரம் வெயிலில் படபடத்தது. ஹேமந்தின் சட்டையில் டால்கம் பவுடர் வாசம். என் கை ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எழுதியது. எவ்வளவு திருத்தமாக விழுந்தது அது!

ஹேமந்த் காகிதத்தை உருவி அவள் பக்கம் திருப்பி, மைப்பெட்டியைத் திறந்து நகர்த்தினான்.

“எதுக்குங்க இது?”

“கைநாட்டு வைக்கணும்மா.”

“எனக்குக் கையெழுத்து வரும். நீங்க கேக்கவே இல்லியே.”

அவள் என் பேனாவை வாங்கிக்கொண்டாள். காகிதத்தின் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அத்தனையும் ஆங்கிலம். அவள் விரல் கடைசிக் கேள்வியின் மேல் வந்து நின்றது. கேள்விக்குக் கீழே அச்சடித்த ஐந்து கோடுகள். முதல் கோட்டில் மட்டும் ஒரு சின்னச் சொல். மற்ற நான்கும் வெறுமையாக இருந்தன.

“நான் அவ்வளவு நேரம் பேசுனனே,” என்றாள்.

ஹேமந்த் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “இங்கிலீஷ்ல எல்லாம் சுருக்கமாத்தான்மா வரும். பேக, சீக்கிரம் போடுங்க.”

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். காகிதத்தை இரண்டு கையாலும் எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

“அம்மிணி, நான் சொன்னதுன்னு நீ எழுதுனத, மொதல்ல இருந்து ஒருக்கா எனக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்லு.”