ஜானகி மிஸ் எந்த செக்‌ஷன்?

யூட்யூப் என்று யாராவது சொன்னாலே எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இருபத்திரண்டு வருடமாக ஒன்பதாவது, பத்தாவதுக்குக் கணக்கு எடுக்கிறேன். முன்பெல்லாம் போர்டில் நான் எழுதினால் அதோடு பேச்சு முடிந்தது. இப்போது கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் மூன்றாவது பெஞ்சிலிருந்து கேரல் கையைத் தூக்குவாள். "மிஸ், யூட்யூப்ல இதையே ரெண்டு ஸ்டெப்ல போடறாங்க." போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா, "நீங்க நல்லாத்தான் எடுக்கறீங்க லவினா மிஸ், ஆனா அந்தச் சேனல்ல இன்னும் க்ளியரா இருக்கு" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். சிரித்து வைத்தேன். வீட்டுக்குப் போய் அந்தக் கோபத்தை வெங்காயத்தின் மேல் காட்டினேன்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. அக்டோபரில் நான் செய்த காரியத்துக்கு என் கையில் இருக்கும் ஒரே சாக்கு இதுதான்.

எங்கள் பள்ளிக்கூடம் பெங்களூரில் காக்ஸ் டவுன் பக்கம், சர்ச்சை ஒட்டினாற்போல் இருக்கிறது. இங்கிலீஷ் மீடியம். அதே காம்பவுண்டில் பதினொன்று, பன்னிரண்டுக்கான பி.யூ. காலேஜும் உண்டு. ஜானகி இங்கே ஒன்பது வருடமாக ஆயா. வீடு ஜீவனஹள்ளியில், வயது முப்பத்தேழு. அந்தக் காலத்தில் தமிழ் மீடியத்தில் பத்தாவது எழுதி, கணக்கில் மட்டும் கோட்டை விட்டவள். லேப் அட்டெண்டர் கோவிந்தப்பா மே மாதத்தோடு ரிடையர் ஆகிறார். கரெஸ்பாண்டென்ட் ஃபாதர் ஓஸ்வால்ட் அவளைக் கூப்பிட்டு, "எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிட்டா அந்த வேலை உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். கான்ட்ராக்ட் இல்லாத நிரந்தர வேலை. கக்கூஸ் கழுவ வேண்டியதில்லை. அதற்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு பேப்பர் நின்றது. அதுவும் என் பாடம்.

என்னிடம் அவள் வரவில்லை. யூட்யூபிடம் போனாள்.

அக்டோபரில் ஒரு நாள் மத்தியானம் மாடிப்படிக்குக் கீழே, வாட்டர் ஃபில்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் வயரை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போன நான் எட்டிப் பார்த்தேன். தமிழ்நாட்டுக்கார சார் ஒருவர், வீட்டுச் சுவரில் வெள்ளைப் பலகையை மாட்டி, குக்கர் விசிலுக்கு நடுவே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பலகையில் அடைப்புக்குறிக்குள் வரிசையாக எண்கள். அணிகள் பாடம்.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டு போர்டில்தான் அது பத்தாவதுக்கு உண்டு. கர்நாடகாவில் பி.யூ. வரைக்கும் அந்தப் பேச்சே கிடையாது. அவள் நோட்டில் பக்கம் பக்கமாக அணிகளைப் போட்டு வைத்திருந்தாள். எல்லாம் சரி, ஒரு தப்பு இல்லை.

"சூப்பர் ஜானகி" என்றேன். பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டேன்.

ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். யூட்யூப்தானே, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி இரண்டாவது வாரம் அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் யாரிடமோ கேட்டு வாங்கிய மாதிரி வினாத்தாள் கையில் இருந்தது.

"மிஸ், ஸ்வல்ப இத்தப் பாருங்களேன். இதுல அணி ஒண்ணு கூட வரலியே. சார்புன்னு ஒரு பாடம் படிச்சேன், அதுவும் காணோம். வேற வருசத்துப் பேப்பரா?"

"வேற வருஷம் இல்ல ஜானகி. வேற ஸ்டேட். நீ படிச்சது தமிழ்நாட்டுப் பாடம்."

அவள் வினாத்தாளைத் திரும்ப ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"நீங்க பாத்தீங்களே மிஸ். சூப்பர்னீங்களே. மிஸ்ஸே பாத்துட்டாங்கோ, அப்போ கரெக்டாத்தான் போய்க்கினு இருக்கோம்னு நெனச்சேன்."

குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. "நான் சரியாக் கவனிக்கல" என்று பொய் சொன்னேன். பரீட்சைக்குப் பத்து வாரம் கூட இல்லை. "நாளையிலேருந்து மூணே முக்காலுக்கு நைன்த் பி-க்கு வா" என்றேன்.

எல்லாமே வீணாகிவிடவில்லை. திரிகோணமிதி, புள்ளியியல் எல்லாம் இரண்டு போர்டிலும் பொது. அவற்றில் அவள் கெட்டி. ஆனால் நேரியல் சமன்பாட்டு ஜோடியிலும் வட்டத்திலும் கர்நாடகப் பாடப்புத்தகம் கேட்பது வேறு. அதை அவள் அடியிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

முதல் நாளே நான் திணறினேன். வீட்டில் தமிழ், சர்ச்சில் தமிழ், ஆனால் கணக்கை நான் தமிழில் நினைத்ததே இல்லை. டேன்ஜென்ட் என்று சொல்லி முடிப்பதற்குள், "தொடுகோடா மிஸ்?" என்பாள். சீகன்ட் என்றால், "வெட்டுக்கோடு." எல்லா வார்த்தையும் அந்தக் குக்கர் விசில் சார் கொடுத்தது. நான் இங்கிலீஷில் போட, அவள் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுத, தன் கையும் நோட்டும் மட்டும் தெரிகிற மாதிரி போனில் பதிவு செய்துகொண்டாள். வீட்டில் சமைக்கும்போது ஓடவிட்டுக் கேட்பதற்கு.

பத்து நாளில் போனில் இடம் தீர்ந்துவிட்டது. எதையும் அழிக்க மனசில்லாமல் எல்லாவற்றையும் யூட்யூபில் ஏற்றிவிட்டாள். அதை ஊரே பார்க்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

இந்த ஊரில் தமிழ் மீடியத்தில் கர்நாடகப் பாடம் படிக்கிற பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்காக யாரும் வீடியோ போடுவதில்லை. அவர்களும் ஜானகியைப் போலத் தமிழ்நாட்டுச் சேனல்களில் பாதி பொருந்தியும் பாதி பொருந்தாமலும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எந்த வாட்ஸப் குரூப்பில் யார் போட்டார்களோ, பிப்ரவரி கடைசியில் ஆயிரத்து இருநூறு பேர் பார்த்திருந்தார்கள். கீழே கேள்வி மேல் கேள்வி. 'மிஸ், உதாரணம் நாலு புரியல.' 'மிஸ், நீங்க எந்த ஸ்கூல்?' ஜானகி மறைக்கத் தெரியாமல் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரையே போட்டிருந்தாள்.

நானும் பார்த்தேன், குற்றம் கண்டுபிடிக்கத்தான். தொடுகோட்டுக்கு அவள் ஒரு பக்கெட்டையும் மாப்புக் குச்சியையும் எடுத்துக்கொண்டிருந்தாள். "குச்சி பக்கெட் வாயை ஒரு எடத்துல தொட்டுக்கினு வெளியவே போச்சுன்னா தொடுகோடு. வாய் மேல குறுக்கால வெச்சா ரெண்டு எடத்துல படும் பாருங்க, அது வெட்டுக்கோடு." அவ்வளவுதான், முடிந்தது. நான் இருபத்திரண்டு வருடமாகக் காம்பஸை வைத்துக்கொண்டு மாரடிக்கிற விஷயம். பொறாமையாக இருந்தது. அடுத்த வாரம் வகுப்பில் நானும் பக்கெட்டைக் கொண்டுபோனேன், யாரிடம் கற்றேன் என்று சொல்லவில்லை.

பரீட்சைக்கு முந்தின வாரம் அவளைத் திட்டினேன். ரிவிஷன் செய்ய வேண்டிய நேரத்தில் பிள்ளைகளின் சந்தேகத்துக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அதுங்களுக்கு வேற யார் மிஸ் இருக்காங்கோ?" என்றாள்.

மே முதல் வாரம் ரிசல்ட் வந்தது. இருபத்தொன்பது. பாஸாக ஆறு மார்க் குறைவு. எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை, அடுத்த தேர்வுக்குப் பணம் கட்ட என்றைக்குக் கடைசித் தேதி என்று கேட்டாள். மே கடைசியில் தேர்வு, ஜூன் நடுவில்தான் ரிசல்ட். ஆனால் ஜூன் ஒன்றாம் தேதி லேபில் ஆள் வேண்டும். தேஜஸ் என்று ஒரு பி.எஸ்சி. படித்த பையனுடைய விண்ணப்பம் ஏற்கெனவே ஃபாதர் மேஜையில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பி.யூ. அட்மிஷன் நடந்துகொண்டிருந்தது. நான் ஆபீசில் ஃபாரம் சரிபார்க்க உட்கார்ந்திருந்தேன். ஃபாதர் ஓஸ்வால்ட் கிளார்க் கில்பர்ட் நீட்டிய பேப்பர்களில் கையெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். தொம்மலூரிலிருந்து பெயின்டர் ஒருவர், அசோகன் என்று பெயர், மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சார், ஜானகி மிஸ் எந்த செக்‌ஷன்? அவங்க கிளாஸ்லயே சேத்துடுங்க."

கில்பர்ட் லிஸ்டைப் புரட்டினார். "அப்படி யாரும் இல்லையே. ஜான்சி மிஸ் இருக்காங்க, எகனாமிக்ஸ்."

"இல்ல சார், கணக்கு மிஸ். தமிழ்ல எடுப்பாங்களே."

"இங்க தமிழ்ல யாரும் எடுக்கறதில்லை."

தெரியாத மாதிரி நான் அடுத்த ஃபாரத்தை எடுத்தேன். அந்த நேரத்தில் ஜானகி பக்கெட்டோடு உள்ளே வந்தாள். யாரோ டீயைக் கொட்டியிருந்தார்கள். குனிந்தபடியே, "ஸ்வல்ப தள்ளிக்கோம்மா, ஈரமாக்கீது" என்றாள்.

அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள். முகத்தை அவள் பார்த்ததே இல்லை, குரல்தான் பழக்கம். கையில் மாப்பு, கீழே பக்கெட்.

"மிஸ்?" என்றாள். "மிஸ், நான் பார்கவி. நேரியல் சமன்பாட்டுல தினம் சந்தேகம் கேப்பேனே. அறுபத்தெட்டு வாங்கியிருக்கேன் மிஸ்."

ஜானகியின் முகம் மலர்ந்தது. "அறுபத்தெட்டா? கெட்டிக்காரிம்மா நீ."

"நீங்க எடுத்ததுதான் மிஸ். எங்க கிளாஸ்ல நிறைய பேரு பாஸ்."

"நானும் உங்கூடதான் எழுதினேன்" என்றாள் ஜானகி. "இருபத்தொன்பது. பெயில். திரும்ப எழுதறேன்."

அசோகன் மாப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. ஃபாதர் கையெழுத்தை நிறுத்திவிட்டு, "என்ன நடக்குது இங்கே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எழுந்தேன். "ஃபாதர், இவ நாலு மாசம் வேற போர்டுப் பாடத்தைப் படிச்சா. அக்டோபர்லயே நான் பார்த்தேன். சொல்லல. சொல்லியிருந்தா இந்த ஆறு மார்க் போயிருக்காது. அடுத்த ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த வேலையை யாருக்கும் குடுக்காதீங்க."

"பார்த்துட்டு ஏன் சொல்லலை?"

யூட்யூப் மேல் பழி போடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஜானகி பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"ஆயாதானே, இவ எங்க பாஸ் பண்ணப் போறான்னு நெனச்சேன் ஃபாதர்."

அதுதான் நிஜம். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஜானகி தலையைத் தூக்கவில்லை. டீ கொட்டின இடத்தை இன்னொரு முறை துடைத்தாள்.

ஃபாதர் கில்பர்ட்டிடம் திரும்பி, "கோவிந்தப்பாவை ஜூன் முடியற வரைக்கும் இருக்க முடியுமான்னு கேளுங்க" என்றார்.

ஜானகியும் அந்தப் பெண்ணும் வராண்டாவில் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்கவி போன பிறகு நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் மாப்பைப் பிழிந்து சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வட்டத்துலதான் மிஸ் நெறைய போச்சு. அந்தப் பொண்ணு சொல்லிக் குடுக்கறேன்னு சொல்லிக்கீது. நாளைக்கு மூணு மணிக்கு வருது."

"நல்லது ஜானகி."

"நீங்களும் வந்து பக்கத்துல குந்துங்கோ. அவ தப்பாச் சொன்னாலும் சரி, நான் தப்பாப் போட்டாலும் சரி, அப்பவே சொல்லிடுங்க மிஸ்."

வருகிறேன் என்றேன்.