ஐயனாரின் இரண்டு கதவுக் குதிரை

காவ்யாவின் சிவப்புக் கார் ஊருக்கு வந்த மூன்றாம் நாளிலிருந்து கொள்ளு தின்னத் தொடங்கியது. ஒரு படிக்கு முப்பது கிலோமீட்டர் ஓடியது. பெட்ரோல் விற்கிற விலைக்கு இது லாபம்தான் என்று, கீரனூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் யாரும் அதற்கு மேல் ஆராயவில்லை.

இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கிற செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் அது. திருமயம் பக்கத்து நாச்சியப்பன் சென்னையில் குடியேறியபோது ஊர் வீட்டில் விட்டுப் போனது. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தால் கார் என்று துபாயிலிருந்து வாக்குக் கொடுத்திருந்த அப்பா ரகுநாத், மகள் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் போன பிறகு ஒருவழியாக வாங்கிக் கொடுத்தார். அரியர் வைத்தால் அன்றைக்கே விற்றுவிடுவேன் என்றும் சொன்னார். காவ்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா சுகுணாவுக்கோ ஒரே பயம். லைசென்ஸ் வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது, சைலன்சரோ திருவிழா வேட்டுப் போல வெடிக்கிறது.

அதனால் காரை நேரே ஐயனார் கோயிலுக்கு விடச் சொன்னாள். வேறு இடமில்லாமல், நேர்ந்துவிட்ட மண் குதிரைகளின் வரிசையில், கடைசிக் குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். சுகுணா மாலையும் போட்டு, "ஐயா, இனி இது ஒங்க பொறுப்பு. ஊரு எல்லையத் தாண்டாமப் பாத்துக்கங்க" என்று கும்பிட்டாள். அந்த வரிசையில் மாலையோடு நிற்பதெல்லாம் ஐயனாரின் குதிரை என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பயத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று. ஐயனாருக்கு மறக்கவில்லை.

அன்று முதல் கார் ஊருக்குள் பறந்தது. கண்மாய்க்கரையில் நூற்றிருபதில் போனாலும் ஒரு கோழிக்குஞ்சுக்கும் சேதமில்லை. ஆனால் மெயின் ரோட்டருகே எல்லைக்கல்லை எட்டியதும் முன்சக்கரங்களைத் தூக்கிக் கனைத்துவிட்டு நின்றுவிடும். மெக்கானிக் சேரன் பானெட்டைத் திறந்து பார்த்து, எல்லாம் சரிதான், கொஞ்சம் சாணி வாசம் அடிக்கிறது என்றார். குதிரை செய்கிறவரும் பூசாரியுமான மலையாண்டியிடம், மாற்றாகப் பெரிய மண் குதிரை வைப்பதாகச் சொன்னார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே தலைகீழ். பூசாரி தயார்தான்.

"ஏசி கண்ட சாமிம்மா. எறங்குமா?" என்றார்.

கார் இருந்தும் காவ்யா திருச்சிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்தார்கள். வீட்டுக்கு வந்து ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுவாள். செமஸ்டர் பரீட்சையன்று அந்த பஸ்ஸும் வரவில்லை. பத்து மணிக்குள் ஹாலில் இல்லையென்றால் அரியர், அரியர் என்றால் கார் போச்சு. காரை எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லைக்கல்லில் அது கனைத்து நின்றது. கெஞ்சினாள், கொள்ளு அள்ளிக் காட்டினாள், அசையவில்லை. இறங்கி இடுப்பளவு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு பஸ்ஸுக்கு நின்றவர்களைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இத கொஞ்சம் பிடுங்கிக் குடுங்கண்ணே."

எல்லைக்கல்லை முன்சீட்டில் ஏற்றி, சீட் பெல்ட்டும் போட்டதும் கார் கிளம்பியது. ஒன்பது நாற்பதுக்குக் காலேஜ் வாசலில் நின்றது.

சாயங்காலம் சுகுணா வாசலிலேயே மறித்தாள். "எல்லையத் தாண்டுனியாடி?"

"இல்லம்மா. எல்லை எங்கூடத்தான் இருந்துச்சு."

சாமிக்கே ஆட்சேபணை இல்லாதபோது அம்மா என்ன சொல்வாள்? மறுநாள் காலை அவளே கல்லுக்கு மஞ்சள் பூசி பெல்ட்டை மாட்டிவிட்டாள். இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை எங்கள் ஊர் காலையில் திருச்சி வரை நீண்டு, மாலை ஐந்தரைக்குச் சுருங்கிவிடுகிறது. பகலில் கீரனூர்க்காரர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். கோயில் வரி கேட்டபோது மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். மகள் ஊருக்குள்தானே இருக்கிறாள் என்று சுகுணா நிம்மதியாக உலை வைக்கிறாள். எட்டு வருடமாக லீவு கிடைக்காத ரகுநாத், அந்தக் கல்லைக் கப்பலில் ஏற்ற முடியுமா என்று துபாயிலிருந்து விசாரித்திருக்கிறார்.