வள்ளிப்பிள்ளையின் அரிசி

ஊசி விரலில் ஏறிவிட்டது. "ச்சீ" என்று விரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டே மகேஸ்வரன் சவப்பெட்டிக்குள் குனிந்து தேடினார். அப்பாவின் பட்டுச் சால்வையில் குத்தப்போன பதக்கம் நழுவி, இடுப்புப் பக்கம் எங்கேயோ விழுந்துவிட்டது. மண்டபத்துக்குச் சனம் வரத் தொடங்கியிருந்தது. இறந்தவரின் உடம்பைத் தடவித் தடவித் தேடுகிற மகனைப் பார்த்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? ஒருவழியாகக் கையில் அகப்பட்டது. குத்தினார். கோணலாகத்தான் நின்றது. இருக்கட்டும் என்று விட்டார்.

அது இணையத்தில் வாங்கின பதக்கம். வெள்ளைக்காரன் கொடுத்த சொந்தப் பதக்கத்தை அப்பா எந்தக் காலத்திலோ திருகோணமலைக் கடலில் எறிந்துவிட்டார். ஏன் எறிந்தார் என்று மகேஸ்வரனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாங்கினார்.

வாசலில் மருமகன் றமேஸ் அடிப்பித்த பானர் நின்றது. சும்மா சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது. அப்பா கோட் போட்டுக்கொண்டு நிற்கிறார், பின்னால் வானத்தைப் பார்த்தபடி ஒரு பீரங்கி, மேலே 'ஜப்பான் விமானத்தை விழுத்திய வீரத் தமிழன்' என்று கொட்டை எழுத்து. பீரங்கிதான் ராடார் பூட்டிய இந்தக் காலத்துப் பீரங்கி. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல அந்தச் சபையில் ஆளில்லை. கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் கிடந்தார்.

இந்தக் கதையைக் கட்டியவர் வேறு யாருமில்லை, மகேஸ்வரனேதான். கனடாவில், ஸ்காபரோ முதியோர் சங்கத்து ஒன்றுகூடலில் ஆரோ தன் தகப்பன் பெரிய நீதவானாக இருந்தவர் என்று அளந்தபோது, இவருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ர அப்பா நாப்பத்திரண்டில திருகோணமலையில பீரங்கிப் படையில இருந்தவர். ஒரு ஜப்பான் பிளேனை விழுத்தினவர்" என்று விட்டார். படையில் இருந்தது உண்மை. மற்றது வாயில் வந்தது. அடுத்த கிழமையே கதைக்குக் கால் முளைத்துவிட்டது. தமிழ் வானொலி பேட்டி எடுத்தது. பழைய படைவீரர் சங்கம் கார்த்திகை மாத நினைவுநாளுக்கு அழைத்தது. மகள் தனுசியா பள்ளிக்கூடத்தில் அப்பப்பாவைப் பற்றிப் பேசி முதற்பரிசு வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளையின் அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்தத் தகப்பன்தான் வாயைத் திறப்பான்?

அப்பா திறந்தார். ஒரு நினைவுநாள் முடிந்து திரும்பும்போது, பிளாசா பார்க்கிங்கில், காருக்குள் ஹீற்றர் சூடாகும்வரை காத்திருந்த நேரத்தில்.

"தம்பி, நான் பிளேன் ஒண்டும் விழுத்தேல்ல."

"தெரியும் அப்பா. சும்மா ஒரு கதைக்குத்தானே."

"கதை இல்ல, கேள். அது முதலாம் உலகச் சண்டை நேரத்தில செய்த பீரங்கி. பிளேன் எல்லாம் மாட்டு வண்டில் மாதிரி ஊர்ந்து போன காலம். அதை வச்சுக்கொண்டு ஜப்பான்காரன்ர பிளேனைச் சுடச் சொன்னால்? நாங்கள் குழலைத் திருப்ப முதல் அவன் மலையைத் தாண்டியிடுவான். குண்டின்ர மூக்கில ஒரு வளையம் இருக்கும். இவ்வளவு நேரத்தில வெடி எண்டு அதைத் திருகி விடவேணும். அப்பத்தான் வானத்தில வெடிக்கும். அந்தத் திருகிற வேலைதான் என்ர வேலை."

அப்பா கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னார். "முதல் பிளேனைக் கண்டதும் எனக்குக் கையும் ஓடேல்ல, காலும் ஓடேல்ல. ஒரு குண்டைத் திருகாமலே குடுத்திட்டன். அது மேல போய் வெடிக்கேல்ல. திரும்பி எங்கட சனத்துக்கு மேலதான் விழுந்தது. வள்ளிப்பிள்ளை எண்டு ஒரு மனிசி. முற்றத்தில அரிசி புடைச்சுக்கொண்டு இருந்தவ. பின்னேரம் போய்ப் பாத்தன். குண்டு முழுசாக் கிடந்தது. வளையம் திருகாமல் அப்பிடியே கிடந்தது. அரிசியெல்லாம்..." அதற்குமேல் அவர் அரிசியைப் பற்றிச் சொல்லவில்லை. "எல்லாரும் ஜப்பான்காரன் போட்டதெண்டு சொல்லி அழுதவை. நானும் ஓமெண்டு நிண்டன்."

ஹீற்றர் சூடாகிவிட்டது. மகேஸ்வரன் அப்போது சொன்னது இதுதான்: "அப்பா, உதை வேற ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அடுத்த வருசம் நினைவுநாளன்று காலை, யாரும் சொல்லாமலே, அப்பா கோட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் வந்து இருந்தார். மனிதர் சண்டை பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

போன கிழமை ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அப்பா கையைப் பிடித்தார். தொண்ணூற்றெட்டு வயதுக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. "எனக்கு வாய்க்கரிசி போடேக்க, வள்ளிப்பிள்ளைக்கெண்டும் ஒரு பிடி போடு. அவவுக்கு ஆர் போட்டிருப்பினம்? ஆருக்கெண்டு கேட்டால், சொல்லு. மறைக்காத."

"ஓம் அப்பா" என்று மகேஸ்வரன் தலையாட்டினார்.

படைவீரர் சங்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பொல்லை ஊன்றியபடி வந்து, பெட்டிக்கு முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். நினைவுநாளில் சட்டையில் குத்துகிற சிவப்புப் பொப்பிப் பூவொன்றை அப்பாவின் நெஞ்சில் வைத்தார். பிறகு மகேஸ்வரனின் தோளில் கைபோட்டு, தன் தகப்பனாரும் லண்டனில் அதே மாதிரிப் பீரங்கியில் நின்றவர்தான், சண்டை முழுக்கச் சுட்டும் ஒரு விமானத்தையும் விழுத்தவில்லை, விழுந்த இரும்பெல்லாம் ஊராரின் கூரைகளில்தான் விழுந்தது, சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். "உங்கள் அப்பா கொடுத்து வைத்தவர்" என்றார்.

ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வா என்று நின்றதுபோல இருந்தது. மகேஸ்வரன் "தாங்க்யூ" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கைகொடுக்கப் போய்விட்டார். வெட்கங்கெட்ட வாய், தேவையில்லாத இடத்தில் மட்டும்தான் அதற்குப் பேச வரும்.

கிரியை தொடங்கியது. சுண்ணம் இடித்தாயிற்று. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். தனுசியா மைக்கைப் பிடித்து, "என்ட அப்பப்பா இஸ் மை ஹீரோ. அவர் ஒரு பிளேனை ஷூட் டவுன் பண்ணி எத்தினையோ லைவ்ஸ் சேவ் பண்ணினவர்" என்று விம்மி விம்மிச் சொன்னபோது, முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். மகேஸ்வரன் நிலத்துக் கார்பெட்டைப் பார்த்தபடி நின்றார். நினைவுநாள்களில் அப்பா ஏன் நிலத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

"வாய்க்கரிசி போடுற ஆக்கள் வரிசையா வாங்கோ. மூத்த மகன் முதலில" என்று தில்லையம்பலம் அங்கிள் கூப்பிட்டார். ஸ்காபரோவில் எந்தச் செத்தவீடென்றாலும் முன்னுக்கு நின்று நடத்துகிற மனிதர் அவர். ஐயரே அவரைக் கேட்டுத்தான் அடுத்ததைச் செய்வார்.

மகேஸ்வரன் ஒரு பிடி அள்ளி அப்பாவின் வாயருகே போட்டார். விலகவில்லை. திரும்பவும் தட்டில் கையை வைத்து இன்னொரு பிடி அள்ளினார்.

"தம்பி, நீர் போட்டாச்சு. உது ஆருக்கு?"

அங்கிளுக்குக் கணீரென்ற குரல். மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் பார்த்தார்கள். தனுசியா ஈரக் கண்களோடு பார்த்தாள். பொல்லை ஊன்றிய கிழவர் பார்த்தார். வள்ளிப்பிள்ளை. ஆறு எழுத்தோ ஏழு எழுத்தோ, அவ்வளவுதான். சொல்லிவிட்டால் ஒரு நிமிசம். மகேஸ்வரன் வாயைத் திறந்தார்.

"அம்மாவுக்கு."

"ஐயோ, என்ர ராசா!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வெடித்தது. "செத்துப் போன தாயின்ர பேரிலயும் போடுறான் பாருங்கோ! உப்பிடி ஒரு பிள்ளை ஆருக்குக் கிடைக்கும்?" தனுசியா ஓடிவந்து தகப்பனின் கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். தில்லையம்பலம் அங்கிளே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போடும் தம்பி, போடும்."

மகேஸ்வரன் கையைப் பெட்டிக்கு மேலே நீட்டினார். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கோணலாகக் குத்திய பதக்கம் விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. நீட்டிய கையை மூடியபடியே திரும்ப எடுத்துக்கொண்டார். விரல்கள் விரியவில்லை. பின்னால் வரிசை நெருக்கியதில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

பெட்டியை மூடினார்கள். உள்ளே எரிக்கிற அறைக்கு ஆம்பிளையள்தான் போனார்கள், தனுசியா மட்டும் "நானும் வாறன்" என்று பிடிவாதமாகக் கூட வந்தாள். இரும்புக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பச்சைப் பட்டன் இருந்தது. கொள்ளிக்குப் பதில் இங்கே அதுதான்.

"மூத்தவர் அமத்துங்கோ" என்றார் ஐயர்.

மகேஸ்வரன் இடது கையைத் தூக்கினார்.

"என்ன தம்பி இது? வலக்கையால அமத்தும்" என்று தில்லையம்பலம் அங்கிள் மெல்லக் கடிந்தார். "தகப்பனுக்கு வைக்கிற நெருப்பு."

"அப்பா, ரைட் ஹாண்ட்" என்றாள் தனுசியா. குனிந்து அவருடைய வலக்கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கப் பார்த்தாள். விரிக்க முடியவில்லை. "வட்ஸ் இன் யுவர் ஹாண்ட்?" என்று கேட்டாள்.

மூடிய கையின் இடுக்கிலிருந்து ஓர் அரிசி நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. மகேஸ்வரன் அதைக் குனிந்து பொறுக்கினார். பிறகு இடக்கையால் பட்டனை அமத்தினார்.