ஆறு பத்து பஸ்ஸில் சொல்லியாச்சு

மரணம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, அதன் முன்னே அரசனும் ஆண்டியும் ஒன்று என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர்களில் ஒருவர்கூட பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பிணத்தைக் கிடத்திவிட்டு, தொட்டகானப்பள்ளியிலிருந்து கோடிப் புடவை வரட்டும் என்று ஐஸ் மாற்றிக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

வேதநாயகி மூன்றாவது ஐஸ் பாளத்தின்மேல் மரத்தூளைக் கொட்டிக் கோணியால் மூடினாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. பெஞ்சின் மேலே அவளுடைய மாமியார் யசோதாம்மா, தாடை கட்டப்பட்டு, நெற்றியில் ஒட்டிய ஒரு ரூபாயோடு கிடந்தாள். பொழுது விடியும் முன்பே போன உயிர். இப்போது மணி பத்தரை.

"ஏங்க, உத்தமன் சித்தப்பாவுக்கு நெஜமா சொல்லியாச்சா?" என்று நாலாவது தடவையாகக் கேட்டாள்.

"ஆறு பத்து பஸ்ல சொல்லியாச்சுன்னா சொல்லியாச்சு" என்றான் கோவிந்தராஜன். வாசலில் ஷாமியானாக் கம்பு எங்கே நட வேண்டும் என்பதில் அவனுக்கு மும்முரம்.

பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்து மேலே விழாமல் எடுக்கக் கூடாது. எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். யசோதாம்மா அதற்கு மேல் நிபந்தனைகளும் போட்டிருந்தாள். "கடையில ஒண்ண வாங்கி எவன் கையிலயாவது குடுத்துப் போர்த்தி என்னை ஏமாத்திடாதீங்கடி. அந்த வூட்லருந்து, என் தம்பி உத்தமன் கையால வரணும். பஸ் இருந்தும் என்னைப் பாக்க வராத பாவி, சாவுக்காவது வருவான்ல?" வேதநாயகி வாக்குக் கொடுத்திருந்தாள். பத்தொன்பது வருஷத்தில் மாமியார் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் உத்தரவு.

அந்தத் தம்பி ஊருக்கு போன் கிடையாது. மார்க்கெட்டிலிருந்து காலை ஆறு பத்துக்குக் கிளம்பி, ஆனேக்கல், தளி வழியாக எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் இருக்கும் தொட்டகானப்பள்ளிக்குப் போகும் பஸ்தான் தந்தியும் தபாலும். டிரைவரிடம் சொன்னால் அவர் டீக்கடையில் சொல்லுவார். டீக்கடை ஊருக்குச் சொல்லும். பெண் பெரியவளானதும், பிள்ளை பாஸானதும், கிழம் போனதும் அந்த பஸ்ஸில்தான் போய்ச் சேர்ந்தன.

அந்த பஸ்ஸுக்குக் காவல் தெய்வம் கோவிந்தராஜன். 'எல்லையோரக் கிராமப் பேருந்துப் பயணிகள் நலச் சங்க'த்தின் செயலாளர். போன வருஷம் பஸ்ஸை நிறுத்தியபோது அவன்தான் மனுமேல் மனுப் போட்டான். பஸ் திரும்ப வந்தது. சங்கம் விழா எடுத்து, 'தடம் மீட்ட செம்மல்' என்று பட்டம் கொடுத்து சால்வை போர்த்தியது. சால்வைப் படம் ஹாலில் மாட்டப்பட்டபோது செத்துப்போன அப்பாவின் படம் சமையலறைக்கு இடம் மாறியது. சங்கத்தில் லெட்டர்ஹெட் ஐந்நூறு, உறுப்பினர்கள் பதினேழு.

பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ் ஆட்டோவில் நாலாவது பாளத்தைக் கொண்டுவந்து இறக்கினான்.

"எவ்ளோ நேரம்க்கா சும்னே வெச்சிருப்பீங்க? ஞாயித்துக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள எடுக்கலன்னா கல்பள்ளி சுடுகாட்டுல க்யூ."

"தளி பஸ்ல சொல்லி அனுப்பிச்சிருக்கார் ஆம்ப்ரோஸ். சித்தப்பா வந்திடுவார்."

"எந்தத் தளி பஸ்?"

"ஆறு பத்து."

ஆம்ப்ரோஸ் தோளிலிருந்த கோணியை மெதுவாகக் கீழே வைத்தான். "நான் தெனம் மார்க்கெட்லதான் ஸ்டாண்ட் போடறேன். அது நின்னு எட்டு மாசமாச்சேக்கா. அண்ணனுக்குத் தெரியுமே? சங்கமே அண்ணன்தானே?"

வேதநாயகி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். ஷாமியானாக்காரனுக்கு முன்னால் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"ஏங்க, பஸ் ஓடுதா, இல்லையா?"

கோவிந்தராஜன் கம்பைப் பிடித்துக்கொண்டான். "நிர்வாகக் காரணங்களால... தற்காலிகமா..."

"எட்டு மாசம் தற்காலிகமா?"

"ரெண்டு ஸ்டேட் விவகாரம் வேதா. இவங்க பர்மிட்ட அவங்க ஒத்துக்கல, அவங்க கிலோமீட்டர இவங்க ஒத்துக்கல. கலெக்‌ஷன் வேற இல்ல. நம்ம விழா முடிஞ்சு பதினோராம் நாளு நிறுத்திட்டான். சால்வைய வாங்கிட்டு உடனே பஸ் இல்லன்னு எப்படிச் சொல்றது? மெமோரண்டம் குடுத்திருக்கேன்."

"காலையில யார்கிட்ட சொல்லிட்டு வந்தீங்க?"

"ஆனேக்கல் பஸ் கண்டக்டர்கிட்ட."

"ஆனேக்கல்லருந்து?"

"அந்தப் பக்கம் யாராச்சும் போனா சொல்லச் சொன்னேன்."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. சாவு வீட்டில் கத்தினால் அழுவதாக நினைத்து நாலு பேர் வந்து பிடித்துக்கொள்வார்கள். அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. வேறொன்று மெல்ல மெல்லப் புரிந்தது. யசோதாம்மா படுக்கையில் விழுந்து ஆறு மாசம். ஞாயிறு தவறாமல் மகனைக் கேட்பாள்: "பஸ் ஓடுதாடா?" "ஜம்முனு ஓடுதும்மா." "உத்தமனுக்குச் சொல்லிவுட்டியா?" "ஆறு பத்துல சொல்லியாச்சும்மா." கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வேதநாயகியும் தன் பங்குக்கு, "அக்கா கெடக்கிறா, எட்டிப் பாக்கத் துப்பில்ல, என்ன மனுஷன்" என்று வாய் வலிக்கத் திட்டியிருந்தாள்.

"நடங்க, போன் பண்ணலாம்" என்றாள்.

"ஊர்ல போன்..."

"தளியில உரக்கடைக்காரர் நம்பர் உங்க சங்கத்து ஃபைல்ல இருக்கு. நடங்க."

எஸ்.டி.டி. பூத்தில் அவன் உள்ளே நின்றான், அவள் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து தடவை சுழற்றிய பிறகு லைன் கிடைத்தது. கோவிந்தராஜன் தொண்டையைச் செருமினான்.

"வணக்கம். பெங்களூர்லருந்து பேசறேன். எல்லையோரக் கிராமப் பேருந்துப் பயணிகள் நலச் சங்கம்..."

"அம்மா செத்துட்டாங்கன்னு முதல்ல சொல்லுங்க" என்றாள் வேதநாயகி.

"இரு, முறையாச் சொல்லணும். ஹலோ! தொட்டகானப்பள்ளி உத்தமனுக்கு ஒரு தகவல். எழுதிக்கங்க. சங்கத்தின் செயலாளர், தடம் மீட்ட செம்மல் கோவிந்தராஜன்... ஹலோ? கோ, விந்த, ராஜன்... ஆமா... அவர்களின் தாயார், இன்று காலை... ஹலோ? என்ன கொரகொரங்குது? காலமானார்! கா-ல-மா-னார்! கோடியோட உடனே வரணும்!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஏதோ அலறல் கேட்டு, பிறகு லைன் அறுந்துபோனது. கோவிந்தராஜன் முகம் லேசாகத் தெளிந்திருந்தது.

"உடனே ஆள் அனுப்பறாராம். ரொம்ப வருத்தப்பட்டார். நல்ல மனுஷன் நல்ல மனுஷன்னு அழறார்."

"யாரை?"

"என்னைத்தான்."

வேதநாயகி அதற்கு மேல் அவனைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குச் சங்கத் தலைவர் வெங்கடசுப்ரமணியன் மல்லேஸ்வரத்திலிருந்து டாக்ஸியில் வந்தார். பேங்கில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். எல்லையோர பஸ் எதிலும் வாழ்நாளில் ஏறியதில்லை. அதனால்தான் அதைப் பற்றி நடுநிலையோடு பேச முடிகிறது என்பார். கையில் பெரிய மலர்வளையம். அதில் ஜிகினா எழுத்தில் 'செம்மலைப் பெற்ற செம்மலுக்கு' என்றிருந்தது. வளையத்தை வைத்ததோடு போயிருக்கலாம். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு திரும்பி நின்றார்.

"இரு மாநிலங்களை இணைக்கும் பாலத்தைக் கட்டிய ஒரு மகனை ஈன்ற இந்தத் தாய்..."

மணி மூன்றரை. மூன்றே முக்கால். பாலம் முடிந்து தாய்மைக்கு வந்திருந்தார். ஐஸ் தண்ணீர் கூடத்தில் ஓடி வாசற்படியைத் தொட்டது. மயான வேன் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். ஆம்ப்ரோஸ் அவள் காதருகே குனிந்து, "பேஜார் பண்றாருக்கா. நிறுத்தச் சொல்லட்டா?" என்றான்.

"பேசட்டும். நேரமாவது போகும்."

நாலு மணிக்குத் தெருமுனையில் ஒரு டெம்போ திரும்பியது. பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகள். மூட்டைகளின் மேல் ஓர் ஆள். டெம்போ நிற்கும் முன்பே அவர் குதித்து, "கோவிந்தா! கோவிந்தா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

நாமம் போடுகிற குடும்பம். சாவு வீட்டில் கேட்க வேண்டிய சொல்தான். கூட்டமும் "கோவிந்தா!" என்று பின்பாட்டுப் பாடியது. வேதநாயகிக்கு மூச்சு வந்தது. உத்தமன் சித்தப்பா. கக்கத்தில் மஞ்சள் பை. கோடி வந்துவிட்டது.

உத்தமன் நேராக மாலைக் குவியலின் கால்மாட்டில் விழுந்தார்.

"கோவிந்தா! இந்த வயசுல என்னைத் தூக்க வேண்டியவன் நீ, முந்திக்கிட்டியேடா! பஸ் வுடறேன் பஸ் வுடறேன்னு சால்வ வாங்கினியே! பதினோரு நாளு ஓட்டிட்டு நிறுத்திட்டானே! அந்தச் சால்வைய அவன் தலையில முக்காடு போட்டுக்கட்டும்னு டீக்கடையில நின்னு உன்னைத் திட்டினனே, என் வாயில புத்து வைக்க! செம்மலு செம்மலுன்னு சிரிச்சனே! பாவி நானு!"

சங்கத் தலைவரின் வாய் 'தியாக' என்ற இடத்தில் நின்றுவிட்டது. ஆம்ப்ரோஸ் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

"மாமா" என்றான் கோவிந்தராஜன்.

உத்தமன் தலையைத் தூக்கினார். தலைமாட்டில், நனைந்த ஒற்றை வேட்டியோடு, கையில் நெருப்புச் சட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மருமகன் நின்றிருந்தான். அவர் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"உரக்கடைக்காரன் செத்தது நீதான்னான்."

அவர் மாலைக் குவியலைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இது யாரு?"

வேதநாயகி குனிந்து முகத்தின் மேல் கிடந்த ரோஜா மாலையை ஒதுக்கினாள்.

உத்தமன் பார்த்தார். அழுகையெல்லாம் ஏற்கனவே செலவாகிப்போயிருந்தது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் ஐஸ் தண்ணீர் ஏறியது. அவர் கவனிக்கவில்லை. "எத்தினி நாளா?" என்றார்.

"ஆறு மாசமா படுக்கையில சித்தப்பா."

"எனக்கு யாரும் சொல்லலியே. பஸ் இல்ல, அதான் அக்கா பொங்கலுக்கு வரலன்னு நெனைச்சேன். கோவமா இருக்குமோன்னுகூட நெனைச்சேன்."

"வாராவாரம் ஆறு பத்து பஸ்ல சொல்லி அனுப்பிச்சோம்" என்றாள் வேதநாயகி. சொல்லும்போது கணவனைப் பார்த்துச் சொன்னாள். கோவிந்தராஜன் நெருப்புச் சட்டியில் ஊதிக்கொண்டிருந்தான். புகை கண்ணில் பட்டதாகக் கண்ணைத் துடைத்தான். புகை வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

வேன் ஹாரன் நீளமாக அடித்தது. மணி நாலு பதினைந்து.

"கோடியப் போர்த்துங்க சித்தப்பா. எடுக்கணும்."

உத்தமன் மஞ்சள் பையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டார். "அம்மாடி, நான் கோவிந்தன்னு நெனைச்சில்ல வந்தேன்? வேட்டிதாம்மா எடுத்தாந்தேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"அக்கா, முனையில சேட்டுக் கடை பாதி ஷட்டர் தொறந்திருக்கு. அஞ்சு நிமிஷத்துல ஒரு பொடவ..." என்றான் ஆம்ப்ரோஸ்.

"கடையில வாங்கினது வேணாம்னுதான் சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"சம்பிரதாயப்படி பொம்பளைக்கு வேட்டி போர்த்தறது..." என்று ஆரம்பித்தான் கோவிந்தராஜன்.

"நீங்க பேசாதீங்க."

வெங்கடசுப்ரமணியன் நடுநிலையோடு ஒரு விரலை உயர்த்தினார். அவள் அவரையும் பார்த்தாள். விரல் இறங்கியது.

"சித்தப்பா, அது எங்கருந்து எடுத்துட்டு வந்தது?"

"நம்ம வூட்லருந்துதாம்மா. அக்கா பொறந்த வூட்லருந்து. பீரோவுல மடிப்புக் கலையாம இருந்துச்சு. கடைக்குப் போக ஏது நேரம்?"

"உங்க கையால போர்த்துங்க."

உத்தமன் எழுந்தார். பையின் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். வேட்டியை உதறினார். பீரோ வாசனை வந்தது. அக்காவின் மோவாய் வரை இழுத்துவிட்டு நகர்ந்து நின்றார். எட்டு முழ வேட்டி கால் தாண்டிக் கிடந்தது. மிச்சத்தை வேதநாயகி மடித்து, குதிகாலுக்கு அடியில் இறுக்கிச் செருகினாள், காற்று போகாதபடி.

நாலு பேர் குனிந்து தூக்கினார்கள். நாலு இருபதுக்கு யசோதாம்மா வாசற்படி தாண்டினாள்.

வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது, வேட்டி கட்சிக் கரை போட்டது. தேர்தலுக்குக் கொடுத்தது. அந்தக் கட்சிக்கு அந்தத் தொகுதியில் டெபாசிட் போய்விட்டிருந்தது.