யாரும் திறக்காத கோப்பு

துறைமுகச் சாலையில் இருந்த அந்தச் சரக்கு ஏஜென்சியில் புது சர்வருக்குத் திறப்பு விழா. பூசணிக்காய் உடைத்தார்கள். ஆலோசகர் மந்திரமூர்த்திக்கும் மேலாளர் வேதமணிக்கும் பொன்னாடை. யார் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்த நேரத்தைக் குறித்துவைக்கும் வீண்வேலையை சர்வரிடமிருந்து பிடுங்கிவிட்டதாக மந்திரமூர்த்தி பேசினார். அந்த ஏற்பாட்டுக்கு ‘நோஏடைம்’ என்று பேராம். இனி சர்வர் பறக்குமாம். எல்லோருக்கும் முந்திக் கைதட்டியவர் வேதமணி.

விழா நடக்கும்போதே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கோப்பு சர்வருக்கு வந்தது. கணவாய் மீன் ஏற்றிய குளிர்ப்பெட்டிக்குச் சாயங்காலம் மின்சாரம் நிற்கும், வேறு இணைப்புக்கு மாற்றுங்கள் என்றிருந்தது. கிளார்க் பானுப்ரியா கொஞ்ச நேரத்தில் அதைத் திறந்து படித்தாள். ஓடிப்போய் வேதமணியிடம் சொன்னாள். புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தவர் தலையை ஆட்டினார். அதோடு சரி. கணவாய் நாறிப்போனது.

விசாரணையில் வேதமணி திரையைக் காட்டினார். கோப்பைக் கடைசியாகத் திறந்த நேரம், அது வந்து சேர்ந்த நேரமாகவே நின்றது. ஆக, பானுப்ரியா திறக்கவே இல்லை. அவளுக்கு இனி இங்கே வேலை இல்லை.

“இப்ப நீங்களே திறந்து பாருங்க சார்,” என்றாள் அவள். “அப்பவும் அந்த நேரம் மாறாது.”

வேதமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பைத் திறந்தார். முழுவதையும் உரக்க வாசித்தார். மூடினார். நேரம் மாறவில்லை. பானுப்ரியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“பாத்தீங்களா,” என்றார் வேதமணி, சபையைப் பார்த்து. “இந்த நிமிஷம் வரைக்கும் ஒருத்தரும் திறக்கல.”

“நீங்க இப்பத் திறந்தீங்கள்லா சார்?”

“நான் திறந்தேன்னு இதுல எங்கம்மா இருக்கு?”

எல்லோரும் மந்திரமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிவிட்டு, கோப்பு எவ்வளவு வேகமாகத் திறந்தது என்பதைக் கவனிக்கச் சொன்னார்.

மாடிப்படியில் மந்திரமூர்த்தி அவள் பின்னாலேயே இறங்கி வந்தார். ரெலடைம் என்று இன்னொரு ஏற்பாடு உண்டு, அதைப் போட்டிருந்தால் அவள் முதல் தடவை திறந்ததாவது பதிவாகியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னார்.

“அத உள்ள சொல்லுங்க அண்ணாச்சி.”

“சொல்லிரலாம் தாயி. இன்னும் நாலு கம்பெனில நோஏடைம்தான போட்டுக் குடுத்துருக்கேன்? அவங்கள்லாம் என்ன நினைப்பாங்க?”

பானுப்ரியா கழுத்திலிருந்த துறைமுக நுழைவு அட்டையைக் கழற்றினாள். மேலே வேதமணி, யாரும் திறக்காத அந்தக் கோப்பை இரண்டு பிரதி எடுக்கச் சொல்லும் சத்தம் கேட்டது. அட்டையை யாரிடம் கொடுப்பது என்று கேட்கத் திரும்பினாள். மந்திரமூர்த்தி அதற்குள் படியேறிவிட்டிருந்தார்.